குடனோ ஆற்றோரம் நான் சொன்னது

நாற்பத்துமூன்று ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு பெண்ணின் கலியாணத்தை நான் குழப்பினேன். மொட்டைக் கடிதம் எழுதவில்லை. வாய்திறந்து பொய் சொல்லவும் இல்லை. மாப்பிள்ளையின் தாய்மாமன் பெண்ணைப் பற்றி விசாரிக்க என் அறைக்கு வந்தார். பெண்ணும் நானும் ஒரே பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தோம். எங்கள் பக்கத்தில் ஒரு சம்பந்தம் பேசத் தொடங்கினால், இரண்டு வீட்டுக்கும் சொந்தமில்லாத ஒருவரிடம் போய் இப்படிக் கேட்பது வழக்கம். கேட்கப்பட்டவர் உடனே, “தங்கமான பிள்ளை, கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம்” என்று சொல்லவேண்டும். கொஞ்சம் தயங்கினால் போதும், மிச்சத்தை வந்தவரே நிரப்பிக்கொள்வார். நான் தயங்கினேன். தேநீரில் ஒரு மிடறு குடித்தேன். பிறகு, “வேற இடமும் பார்க்கிறியள்தானே?” என்று கேட்டேன். அவர் குடையை எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டார்.

அதற்கு ஆறு மாதம் முன்னர் அதே பெண்ணைக் கேட்டு நான் ஆள் அனுப்பியிருந்தேன். “வாத்திமாருக்குக் குடுக்கிற எண்ணம் இல்லை” என்று தகப்பன் சொல்லிவிட்டார். அந்தச் சூடுதான் காரணம். வேறு நியாயம் ஒன்றும் என்னிடம் இல்லை. அடுத்த மாதமே மன்னாருக்கு மாற்றலாகிப் போனேன். சம்பந்தம் நின்றுபோனது என்று மட்டும் கேள்விப்பட்டேன்.

இதைப் பாவசங்கீர்த்தனத்தில் மூன்று குருமாரிடம் சொல்லியிருக்கிறேன். முதல் இருவரும் செபமாலை சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். மூன்றாமவர் இளம் சுவாமி. “அந்தப் பிள்ளைக்குச் சொன்னனீங்களோ?” என்று கேட்டார்.

“அவ இப்ப டென்மார்க்கிலை, சுவாமி.”

“ஏன், டென்மார்க்குக்குத் தபால் போறேல்லையோ?”

தபாலில் எழுத எனக்குத் துணிவு வரவில்லை. போன வருடம் என் தங்கையின் மகள் சுபா, தன் மகளின் உறுதிபூசுதல் சடங்குக்கு டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகருக்கு வரும்படி அழைத்தாள். எனக்கு எழுபத்துமூன்று வயது. மனைவி போய் நான்கு வருடம். போகாமலிருக்கச் சாட்டு எதுவும் மிஞ்சவில்லை.

முப்பத்திரண்டு வருடம் நான் புவியியல் படிப்பித்தவன். அதில் டென்மார்க்குக்கு ஒரு பாடவேளை. தட்டையான நிலம், பால்பண்ணை, வெண்ணெய், கூட்டுறவுச் சங்கம், மணி அடிக்கும். ‘குறிப்பிடத்தக்க ஆறுகள் இல்லை’ என்று கரும்பலகையில் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். அந்தக் குறிப்பை மனனம் செய்து பரீட்சை எழுதிய நூற்றுக்கணக்கானவர்களிடமும் இத்தால் மன்னிப்புக் கேட்கிறேன்.

உறுதிபூசுதல் விருந்தில் அந்தப் பெண்ணை, பிலோமினாவை, கண்டேன். சுபா வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் அவரும் முன்பு வேலை செய்தவர். ஓய்வுபெற்றும் சுபாவோடு பழக்கம் விடவில்லை. அறுபத்தொன்பது வயது. தலைமயிரைக் குட்டையாக வெட்டியிருந்தார். விரல்கள் கறுத்தும் மணிக்கட்டிலிருந்து மேலே வெளுத்துமாக இருந்தன. வெளுப்பு, சைக்கிள் ஓடும்போது போடுகிற நீளக்கைச் சட்டையின் அடையாளம்.

“மாஸ்ரர்! நீங்கள் இன்னும் உயிரோடையோ?” என்றார் வாய் நிறையச் சிரித்தபடி. “சுபா, உன்ரை மாமா எங்கட பள்ளிக்கூடத்திலை இருக்கேக்க சரியான ஸ்ரைல். காச்சட்டை மடிப்பிலை பாண் வெட்டலாம்.”

“இப்ப வேட்டிதான்” என்றேன். சொல்ல வந்தது வேறு.

“சைக்கிள் ஓடுவியளோ?”

“யாழ்ப்பாணத்திலை இருந்துகொண்டு சைக்கிள் ஓடாமல்?”

“அப்ப வாற வியாழன் வாங்கோ. ஆத்தங்கரையாலை மூண்டு நாள். கோட்டையும் பார்க்கலாம்.”

அவர் ஓடுவது ‘கிராவல்’ சைக்கிள். பந்தயச் சைக்கிள்போல வளைந்த பிடி, ஆனால் தடித்த ரயர். தார் போடாத சரளைப் பாதைகளில் ஓடுவதற்கென்றே செய்தது. எங்கள் ஊரில் சரளைப் பாதை இருந்தால் பிரதேச சபைக்கு மனுக் கொடுப்போம். இங்கே அதைத் தேடிப் போய் ஓடுகிறார்கள். எனக்குச் சுபாவின் கணவர் தன் மின்சாரச் சைக்கிளைத் தந்தார். “மாமா, பச்சை எண்டால் சிக்கனம், சிவப்பு எண்டால் பறக்கும். பச்சையிலையே போங்கோ” என்று மூன்று தடவை சொன்னார்.

வியாழன் காலை சில்கபோர்க் நகரில் தொடங்கினோம். எங்களோடு கிர்ஸ்டன் என்ற டேனிஷ் பெண்மணியும் வந்தார். பிலோமினாவின் பழைய வேலைத் தோழி, எழுபத்திரண்டு வயது, என்னைவிட ஒரு சாண் உயரம்.

“இவவை ஏன் கூட்டிக்கொண்டு வந்தனான் தெரியுமோ?” என்றார் பிலோமினா. “பொம்பிளை தனிய, ஆம்பிளை தனிய, மூண்டு நாள். ஹோர்சன்ஸ் தமிழாக்களுக்குக் கதைக்க வேற விசயம் வேண்டாம்.”

கிர்ஸ்டனுக்கு இதை மொழிபெயர்த்தபோது அவர் மிகவும் மகிழ்ந்தார். தன் வாழ்க்கையில் ஒருவருடைய மானத்தையும் இதுவரை காப்பாற்றியதில்லை என்றார்.

குறிப்பிடத்தக்க ஆறு இல்லை என்று நான் எழுதிய நாட்டில் குடனோ ஆறு அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் ஓடிய பாதை ஒரு காலத்தில் ஆட்கள் தோளில் கயிறு கட்டிப் படகுகளை மேலாற்றுக்கு இழுத்த பாதை. ஒருபக்கம் தண்ணீர், மறுபக்கம் புதிதாகத் துளிர்த்த காடு. இடையிடையே மஞ்சள் பூ வயல்கள், கண் கூசும் மஞ்சள். எதிரே வருகிறவர் எவராக இருந்தாலும் ‘ஹை’ என்று சொல்லிவிட்டுத்தான் போனார். முதல் பத்துப் பேருக்கு நான் கைகூப்பினேன். ஒருவர் பதிலுக்குக் கைகூப்பப் போய் வேலியில் மோதினார். அதற்குப் பிறகு நானும் ‘ஹை’ என்றேன்.

மத்தியானம் ஒரு மர மேசையில் சாப்பாடு. கிர்ஸ்டன் றை தானியத்தில் சுட்ட கறுத்த பாணும் வினாகிரியில் ஊறிய ஹெறிங் மீனும் கொண்டுவந்திருந்தார். பிலோமினா சைக்கிள் பையிலிருந்து குழல்புட்டும் இடித்த சம்பலும் எடுத்தார். கிர்ஸ்டன் ஒரு கதையும் இல்லாமல் சம்பலை அள்ளி ஹெறிங்கின் மேல் பூசினார்.

“இருபது வருசப் பழக்கம்” என்றார் பிலோமினா. “உது இல்லாட்டி இப்ப இவவுக்கு மீன் இறங்காது.”

நானும் அப்படிச் சாப்பிட்டுப் பார்த்தேன். பச்சை மீனைச் சாப்பிட்டதாக ஊரில் எவரிடமும் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். இப்போது நானே எழுதிவிட்டேன்.

பின்னேரம் கிர்ஸ்டன் முன்னால் போய்விட, நானும் பிலோமினாவும் தனியே ஓடும் சந்தர்ப்பம் வந்தது. “பிலோமினா, உங்களுக்கு ஒண்டு சொல்லவேணும்” என்று தொடங்கினேன். அந்த நேரம் பாதை ஒரு மேய்ச்சல் நிலத்துக்குள் புகுந்தது. நடுவில் ஏழெட்டு மாடுகள். முப்பத்திரண்டு வருடம் நான் படிப்பித்த அதே மாடுகள். பாடம் சரிதானா என்று பார்க்க வந்த கல்வி அதிகாரிகள்போல என்னைச் சுற்றி நின்றன. ஒன்று என் முழங்கையை நக்கியது.

“மணியை அடியுங்கோ!” என்றார் பிலோமினா. அடித்தேன். இன்னும் மூன்று மாடுகள் வந்தன. “அடியாதேங்கோ! அடியாதேங்கோ!” அவர் சிரித்த சிரிப்பில் சைக்கிளைப் பிடிக்க முடியாமல் புல்லில் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு என்னவோ சொல்ல வந்தீர்களே என்று அவர் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை.

அன்று தங்கியது ஆற்றோரத்து ‘க்ரோ’ ஒன்றில். பழைய காலத்து வழிச்சத்திரம். முறுகப் பொரித்த பன்றியிறைச்சியும், அவித்த உருளைக்கிழங்கும், மேலே பச்சை இலை மிதக்கும் வெள்ளைக் குழம்பும் தந்தார்கள். இது இந்த நாட்டின் தேசிய உணவு என்று கிர்ஸ்டன் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். ருசியாகத்தான் இருந்தது. ஆனால் உப்பைத் தவிர அதற்குள் வேறு எந்தத் தூளும் போனதற்கான தடயம் இல்லை. பிலோமினா மேசைக்குக் கீழால் சம்பல் போத்தலை என் கையில் தந்தார்.

வெள்ளி காலை மழை. ஊசிபோன்ற மெல்லிய மழை. “கூடாத காலநிலை எண்டு ஒண்டில்லை, பிழையான உடுப்புத்தான் இருக்கு எண்டு இஞ்ச சொல்லுவினம்” என்றார் பிலோமினா, எனக்குத் தன் மேலதிக மழைச்சட்டையைக் கொடுத்தபடி. ஊதா நிறம். அது பொம்பிளைச் சட்டை என்பதைக் கவனிக்காததுபோலப் போட்டுக்கொண்டேன்.

ஒரு வளைவில் ஈரச் சரளை என்னை இழுத்துப் பற்றைக்குள் போட்டது. காஞ்சோண்டிப் பற்றை! எங்கள் ஊர்க் காஞ்சோண்டிக்கு அண்ணன்முறையான செடி. இரண்டு கையும் தடித்து எரிந்தன. கிர்ஸ்டன் ஏதோ அகலமான இலையைப் பிடுங்கிக் கசக்கித் தேய்த்தார். எரிவு குறைந்ததா, அவர் தேய்த்த வேகத்தில் தோல் மரத்ததா தெரியாது. விழுந்த வெட்கத்தில் அதற்குப் பிறகு சிவப்புப் பொத்தானை அழுத்திப் பறந்தேன்.

பதினொரு மணிபோல மழை விட்டது. ஊல்ஸ்ட்ருப் என்ற இடத்தில் கோட்டை தெரிந்தது. கோட்டை என்றதும் நான் யாழ்ப்பாணக் கோட்டையை எதிர்பார்த்திருந்தேன். தடித்த மதில், பீரங்கி, கொத்தளம். இது வெள்ளைச் சுவரும் சிவப்பு ஓடுமாக, ஒரு பெரும் பணக்காரர் ஊருக்குள் ஒதுக்குப்புறமாகக் கட்டிய வீடுபோல இருந்தது. வாசலின் இரண்டு பக்கமும் பழைய ரோமப் போர்வீரர் சிலைகள். காவல்காரர் நிற்கிறார்களே தவிர, எவரையும் தடுக்கிற முகம் அவர்களுக்கு இல்லை. இந்த நாட்டு ராசாக்கள் ஒரு காலத்தில் தரங்கம்பாடியில் வந்து கோட்டை கட்டியதை இரு பெண்களுக்கும் விளங்கப்படுத்தத் தொடங்கினேன்.

“மாஸ்ரர், பாடம் எடுக்காதேங்கோ” என்றார் பிலோமினா. “நேற்று ஏதோ சொல்ல வந்தனீங்கள், மாடு வந்திட்டுது. இப்ப மாடில்லை. சொல்லுங்கோ.”

சொன்னேன். கோட்டைக்கு முன்னால், ஈரப் புல்லில் நின்றபடி, ஊதா மழைச்சட்டையோடு சொன்னேன். தாய்மாமன் வந்தது, நான் தேநீர் குடித்தது, கேட்ட கேள்வி, அதன் காரணம். ஒன்றும் விடவில்லை. “நான் செய்தது அநியாயம். மன்னிப்புக் கேக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தனான்” என்று முடித்தேன்.

பிலோமினா என்னைப் பார்த்தார். கோபம் என்று சொல்ல முடியாது. மனக்கணக்கொன்றில் விடை பிழைத்து, எந்த வரியில் பிழைத்தது என்று தேடுகிறவரின் முகம். பிறகு தலைக்கவசத்தை மாட்டினார். சைக்கிளில் ஏறினார். சரளை பறக்கப் போய்விட்டார்.

கிர்ஸ்டன் அவர் போன திசையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. மெல்ல ஆங்கிலத்தில் கேட்டார்: “கலியாணம் செய்யலாமா என்று கேட்டீர்களா?”

“ஐயோ, இல்லை!”

“நல்லது. இரண்டு வருடத்துக்கு முன்னர் ஓகூஸ் நகரத்துக்காரர் ஒருவர் கேட்டார். அன்றைக்குப் பிலோமினா இதைவிட வேகமாகப் போனார்.”

நாங்களும் பின்னால் கிளம்பினோம். இரண்டு கிலோமீற்றர் போகமுன் என் சைக்கிளின் பற்றரி தீர்ந்தது. காலையெல்லாம் சிவப்பில் பறந்ததன் பலன். பற்றரி இல்லாத மின்சாரச் சைக்கிள் இரண்டு மூட்டை அரிசிக்குச் சமன். ஏற்றமெல்லாம் நான் தள்ள, கிர்ஸ்டன் பொறுமையாகப் பக்கத்தில் நடந்தார். “அவரிடம் என்ன சொன்னீர்கள் என்று நான் கேட்கமாட்டேன்” என்று நான்கு தடவை சொன்னார். ஐந்தாம் தடவை நானே சொன்னேன். கேட்டு முடிந்ததும், “இங்கே நாங்கள் நேரே பெண்ணிடமே கேட்டுவிடுவோம்” என்றார். சற்று யோசித்துவிட்டு, “என் முதல் கலியாணத்துக்கு முன்னர் உங்களைப் போன்ற ஒருவர் தயங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்” என்றார்.

லாங்கோ என்ற சிற்றூரில் ஒரு ஐஸ்கிறீம் கடை வாசலில் பிலோமினாவைக் கண்டோம். முன்னால் இரண்டு வெறும் கோப்பைகள். மூன்றாவதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது. நான் எட்டத்தில் நின்றேன்.

“இருங்கோ மாஸ்ரர். கடிக்கமாட்டன்.”

இருந்தேன். கிர்ஸ்டன், தனக்குக் கடைக்காரியிடம் அவசரமாகப் பேச இருக்கிறது என்று உள்ளே போய்விட்டார்.

“அந்த மாப்பிள்ளை போனது எனக்கு நட்டமில்லை” என்றார் பிலோமினா. “ரொறொன்ரோவிலை ஒரு கலியாண வீட்டிலை கண்டனான். ‘வணக்கம்’ எண்டு சொல்லி முடிக்கிறதுக்குள்ள பந்தி முடிஞ்சிடும், அப்பிடி ஒரு ஆமை. பேந்து என்னைக் கட்டினவர் நல்ல மனிசன். முப்பது வருசம் சந்தோசமாய் இருந்தனாங்கள். அவர் செத்து ஆறு வருசம். அதிலை உங்களிலை எனக்குக் கோவமில்லை.”

“அப்ப?”

“அண்ணையிலை.”

அவருடைய அண்ணன் யோசேப்பு. எனக்கும் தெரிந்தவர்தான். கோயில் பெருநாளில் சொரூபத்தைத் தோளில் சுமக்கும் கூட்டின் முன்கொம்பை யார் பிடிப்பது என்று அந்த மாப்பிள்ளை வீட்டாருக்கும் யோசேப்புக்கும் அந்தக் காலத்தில் பெரிய சண்டை. “அந்த வீட்டிலை சம்பந்தம் வைச்சால் நான் ஒரு மிடறு தண்ணியும் குடிக்கமாட்டன்” என்று யோசேப்பு ஊரறியச் சொல்லியிருந்தார். ஆகவே சம்பந்தம் நின்றதும், குழப்பியது அண்ணன்தான் என்று பிலோமினா முடிவுகட்டிவிட்டார். ஊரும் அப்படியே நினைத்தது.

“கோயிலிலை, மாதா சொரூபத்துக்கு முன்னாலை மெழுகுதிரி பிடிச்சுச் சத்தியம் பண்ணினவர் மாஸ்ரர். நான் ஒண்டும் செய்யேல்லை எண்டு. பொய்ச்சத்தியம் பண்ணுறாய் எண்டு எல்லாருக்கும் முன்னாலை நான் கத்தினனான். அண்டைக்கு நிப்பாட்டின கதை. எங்கட அப்புவின்ரை செத்த வீட்டிலையும் கதைக்கேல்லை. என்ரை மகளின்ரை கலியாணத்துக்குச் சொல்லேல்லை. அவர் இதே நாட்டிலை டோஸ்ட்ருப்பிலை, நான் ஹோர்சன்ஸிலை. ரெயினிலை மூண்டு மணித்தியாலம்கூட இல்லை. என்ரை மனுசன் செத்ததுக்கு வந்து, கோயில் கடைசி வாங்கிலை இருந்திட்டு, ஒண்டும் பேசாமல் போயிட்டார்.”

இதில் ஒரு சொல்லும் எனக்குத் தெரியாது. ஒரு கலியாணத்தைக் குழப்பிய பாவத்தைத்தான் நான் மூன்று குருமாரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையான பாவம் டோஸ்ட்ருப்பில் இருந்திருக்கிறது.

“என்ன செய்யவேணும், சொல்லுங்கோ” என்றேன்.

“போய் அண்ணைக்குச் சொல்லுங்கோ.”

“போனிலை சொல்லட்டே?”

“போனிலையோ?” கரண்டியால் என்னைச் சுட்டிக் கேட்டார். “நேரை போங்கோ. எனக்குப் போக முகமில்லை. பொய்ச்சத்தியக்காரன் எண்டு சொன்ன வாய் இது.”

கடைக்காரி என் பற்றரியை மின்னேற்றித் தந்தார். சனிக்கிழமை ரண்டர்ஸ்வரை போய்ப் பாதையை முடித்தோம். பாதியில் நிறுத்துவது பிலோமினாவுக்குப் பிடிக்காது. அன்றைக்கு அவர் என்னோடு பேசியது இரண்டே தடவை. “இடப்பக்கம்”, “பள்ளம்”. ரண்டர்ஸில் ரயில் வந்தபோது இரண்டு சைக்கிளுக்குத்தான் இடம் இருந்தது. கிர்ஸ்டன் அடுத்த ரயிலில் வருவதாகச் சொல்லி நின்றுவிட்டார். நாங்கள் இருவரும் தனியாகப் பயணம் செய்தோம். மானம் பற்றி எவரும் கவலைப்படவில்லை.

ஞாயிறு பூசைக்குப் பிறகு டோஸ்ட்ருப்புக்குப் போனேன். யோசேப்பு அண்ணைக்கு எழுபத்தொன்பது வயது. மாடிக் குடியிருப்பில் மூன்றாம் தளம். என்னைக் கண்டு உண்மையாகவே மகிழ்ந்தார். அவர் மனைவி மேரி அக்கா தேநீரும் பயற்றம் பணியாரமும் வைத்தார். அண்ணை ஊரில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று கேட்டார். தேநீர் ஆறுமுன் சொல்லிவிடவேண்டும் என்று நினைத்தேன். சொன்னேன்.

அவர் எழுந்துபோய் யன்னலடியில் நின்றார். மேரி அக்காதான் முதலில் பேசினார். “தேத்தண்ணியைத் தந்திட்டன். தெரிஞ்சிருந்தால் தந்திருக்கமாட்டன்.”

“நான் கோயிலிலை சத்தியம் பண்ணேக்க நீர் எங்க இருந்தனீர்?” என்று திரும்பாமலே கேட்டார் யோசேப்பு அண்ணை.

“மன்னாரிலை. உங்கட வீட்டிலை நடந்தது ஒண்டும் எனக்குத் தெரியாது.”

“தெரிஞ்சிருந்தால் வந்து சொல்லியிருப்பீரோ?”

யோசித்தேன். “மாட்டன்” என்றேன்.

அவர் திரும்பினார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். “எழும்பும்” என்றார். “மேரி, என்ரை மேற்சட்டையை எடு. இவர் அவளுக்கு முன்னாலை, நான் கேக்க, இதைச் சொல்லவேணும்.”

“சாப்பிட்டிட்டுப் போங்கோவன்.”

“ரெயினிலை சாப்பிடுறன்.”

நானும் அவரும் எதிரெதிரே இருந்து பயணம் செய்தோம். ரயில் கடலுக்கு மேலால் பாலத்தில் ஓடியபோது, அந்தக் கடலின் பெயரையும் ஆழத்தையும் சொல்ல என் நாக்குத் துடித்தது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். ஒடென்சே தாண்டியதும் மேரி அக்கா கட்டித் தந்த முட்டைப் பாணை எடுத்தார். தனக்கு ஒன்று. சற்றுப் பொறுத்து, என்னைப் பாராமலே மற்றதை என் பக்கம் தள்ளினார்.

பிறகு ஒரேயொரு கேள்வி கேட்டார். “அவளுக்குச் சீனி வருத்தம் ஏதும் இருக்கோ?”

“ஒரே இருப்பிலை மூண்டு ஐஸ்கிறீம் சாப்பிட்டவ.”

“அப்ப இல்லை” என்றார். யன்னல் பக்கம் திரும்பிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கன நேரம் துடைத்தார்.

ஹோர்சன்ஸ் மேடையில் பிலோமினா நின்றார். ரயில் ஏறியதும் சுபாவுக்கு நான் செய்தி அனுப்பியிருந்தேன். வீட்டிலிருந்து சைக்கிளில் பறந்து வந்திருக்கவேண்டும், மூச்சு வாங்கியது. அண்ணனும் தங்கையும் இரு கை விரித்த அகல இடைவெளியில் நின்று பார்த்துக்கொண்டார்கள். பயணிகள் அவர்களைச் சுற்றிப் போனார்கள்.

“உந்தத் தொப்பியைக் கழட்டன்” என்றார் யோசேப்பு அண்ணை. “ஆளே தெரியேல்லை.”

பிலோமினா தலைக்கவசத்தைக் கழற்றினார். “உனக்கு எப்ப கூன் விழுந்தது?”

“நீ காட்டின எடுப்பிலை விழுந்தது.”

அவர் கையை உயர்த்தித் தங்கையின் நெற்றியில் பெருவிரலால் சிலுவை போட்டார். பிலோமினா அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விடவில்லை. அழுதுகொண்டே ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. கேட்கவேண்டிய ஆளும் நான் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து யோசேப்பு அண்ணை என்னைப் பார்த்தார். “சொல்லும்.”

இருவர் முன்னிலையிலும் மறுபடி சொன்னேன். நான்காம் தடவை என்பதால் சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். இருக்கவில்லை. சொல்லி முடிந்ததும் அவர் தலையாட்டினார். “காணாது. சத்தியம் பண்ணினது ஊரிலை. பொய்ச்சத்தியக்காரன் எண்டு பேர் எடுத்ததும் ஊரிலை. ஊருக்குச் சொல்லும்.”

சொல்வதாக வாக்குக் கொடுத்தேன். அவர்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து போனார்கள். சந்தியில் எந்தப் பக்கம் கடப்பது என்று சத்தமாக வாக்குவாதப்பட்டார்கள்.

ஊருக்குத் திரும்பிய இரண்டாம் ஞாயிறு, அந்தப் பழைய கோயிலுக்குப் போனேன். பங்குச் சுவாமியிடம் அனுமதி கேட்டு, அறிவித்தல் நேரத்தில் எழுந்து நின்று சொன்னேன். யோசேப்பு பண்ணியது மெய்ச்சத்தியம், குழப்பியவன் நான் என்று. நூறு பேர்வரை இருந்தார்கள். மரியாதையாகக் கேட்டார்கள். பூசை முடிந்து வெளியே வந்ததும் ஒருவர் என்னிடம் வந்து, “மாஸ்ரர், உந்த யோசேப்பு எண்டது ஆர்?” என்று கேட்டார்.

அன்று கோயிலில் இருந்தவர்களில் அவரைத் தெரிந்தவர்கள் மூன்றே பேர். அதில் ஒருவருக்குக் காது கேட்காது. சத்தியத்தை நம்பாமல் வாயைக் கோணிய ஊர் முழுவதும் இப்போது ரொறொன்ரோவிலும், லண்டனிலும், பாரிஸிலும், டென்மார்க்கிலும் இருக்கிறது. கோயிலில் நின்று கத்தினால் அங்கெல்லாம் கேட்காது. அச்சில் வந்தால் எட்டும். அதனால்தான் இதை எழுதினேன். அந்த ஊரைச் சேர்ந்த யாராவது இதை வாசித்தால், தெரிந்தவர்களுக்கும் சொல்லுங்கள்: யோசேப்பு பொய்ச்சத்தியம் பண்ணவில்லை.

இதை அச்சுக்கு அனுப்புமுன் டோஸ்ட்ருப்புக்கு அழைத்தேன். யோசேப்பு அண்ணை தொலைபேசியை எடுத்தார். என் குரலைக் கேட்டதும் ஒன்றும் பேசவில்லை, ஆனால் வைக்கவும் இல்லை. முதல் வரியிலிருந்து கடைசிவரை வாசித்தேன். அரைமணி நேரம் ஆனது. மறுபக்கம் பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது, வாசிக்கத் தொடங்கிச் சற்று நேரத்தில் அதுவும் நின்றுவிட்டது. முடித்துவிட்டுக் காத்திருந்தேன்.

“அண்ணை உங்களோடை கதைக்கமாட்டாராம்” என்றது பிலோமினாவின் குரல். “எண்டாலும் அனுப்பட்டாம்.”